வீட்டுச் செடிகளும் அவற்றை உண்ணும் பூச்சிகளும்



தமிழர் குடியிருக்கும் வீட்டை அடையாளங் காண வாசலில் மாவிலைத் தோரணம் தேட வேண்டுவதில்லை. கறிவேப்பிலைச் செடி ஒன்று நிற்குமாயின் அதுவே போதும். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நாளில் அது வீட்டின் பின்புறம் மரமாகவே வளர்ந்து நின்றது. பால்மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. செடியும் நம்மோடு மாடிப்படி ஏறி வந்து, காலியான சாயவாளியிலும் பால்மாவுத் தகரத்திலும் குடியேறியுள்ளது. அதன் அருகே ஒரு துளசி, ஒரு கற்பூரவல்லி, சன்னற் கம்பியைப் பற்றி ஏறும் வெற்றிலைக் கொடி, சீனப் புத்தாண்டுக்குப் பின் அண்டை வீட்டார் கொடுத்த எலுமிச்சைத் தொட்டி. அம்பாங் வட்டாரத்தில் நம் மாணவர் வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் காட்சி இதுவே.

இச்செடிகளுக்கு நோவு வந்தால் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வியும் ஒன்றே. "ஐயா, இலையெல்லாம் வெள்ளையாக அப்பிக் கிடக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?" இக்கட்டுரை அக்கேள்விக்குரிய விடையாகும். விடையின் முதற்பகுதி மிக எளிது. மருந்து வாங்கக் கடைக்குச் செல்லுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

இலையின் மேற்புறம் வெயிலும் மழையும் படும் இடம். கீழ்ப்புறமோ நிழலும் ஈரமும் நிறைந்த இடம். செடியின் சாற்றை உண்டு வாழும் சிற்றுயிர்கள் பெரும்பாலும் கீழ்ப்புறத்திலும், இலைக்காம்பு தண்டுடன் சேரும் கவட்டிலும், இளந்தளிரின் மடிப்பிலும் தங்குகின்றன. நாள்தோறும் நீர் ஊற்றுகிறவர் செடியை மேலிருந்தே பார்க்கிறார். ஆதலால் இலை மஞ்சளாகிச் சுருண்ட பிறகே நோவை அறிகிறார். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுப் பிள்ளை ஒருவர் ஒவ்வொரு செடியிலும் நான்கைந்து இலைகளைத் திருப்பிப் பார்ப்பது நல்ல வழக்கம். முதல் ஐந்து பூச்சிகளைக் கண்டுவிட்டால் விரலே போதும். ஐந்நூறான பிறகுதான் வேலை கடினமாகிறது.

வெள்ளையாக அப்பிக் கிடப்பதாகப் பெற்றோர் சொல்வது மாவுப்பூச்சி ஆகும். பஞ்சுத் துணுக்கு ஒட்டியது போலத் தோன்றும். அது பூஞ்சணம் அன்று, உயிருள்ள பூச்சி. பெண் பூச்சிக்கு இறகு இல்லை. தன் உடலிலிருந்து மெழுகை மாவாகச் சுரந்து தன்னைப் போர்த்திக் கொள்கிறது. ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகி அசையாமல் கிடந்து சாறு உறிஞ்சுகிறது. பஞ்சுப் பை போன்ற உறையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுடையவை. அவை நடந்தும், காற்றில் மிதந்தும், நம் சட்டைக் கையில் ஒட்டிக் கொண்டும் அடுத்த செடிக்குச் செல்கின்றன. 1960ஆம் ஆண்டு நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்ற செம்பருத்தி, இம்மாவுப்பூச்சிக்கும் மிகப் பிடித்தமான உணவாக இருப்பது ஒரு வேடிக்கை.

மெழுகுப் போர்வையை ஈண்டு நன்றாக நினைவிற் கொள்ள வேண்டும். அதன்மேல் ஊற்றும் நீர் உருண்டு ஓடிவிடும். நீரில் கலந்த நஞ்சும் அவ்வாறே உருண்டு ஓடும். மாவுப்பூச்சி பிழைத்துக் கிடக்க, பக்கத்தில் போர்வையின்றி நடமாடிய நல்ல பூச்சிகளே மடியும். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

அசுவினி என்பது மற்றொன்று. பச்சையாகவோ கருமையாகவோ, தளிர் நுனியில் கடுகு தூவினாற்போல் கூட்டமாகக் காணப்படும். இது பெருகும் விரைவு வியப்புக்குரியது. 1740ஆம் ஆண்டு செனீவா நகரில் சார்லசு போனே என்னும் இருபது வயது இளைஞர், அப்பொழுதே பிறந்த ஓர் அசுவினியைத் தனியே அடைத்து வைத்து, அது ஆணோடு சேராமலேயே குஞ்சுகளை ஈனுவதைக் கண்டறிந்தார். முட்டையிடாமல் நேரே குஞ்சு ஈனும். அக்குஞ்சும் சில நாளில் ஈனத் தொடங்கும். நேற்று இல்லாத கூட்டம் இன்று எங்ஙனம் வந்தது என்று வியப்பவர்க்கு இதுவே விளக்கம்.

இனி எறும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறுவதைக் கண்டு, எறும்புதான் இலையைக் கெடுக்கிறது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்க்கும் புரதச் சத்தோ மிகவும் குறைவு. ஆதலால் அசுவினியும் மாவுப்பூச்சியும் தமக்கு வேண்டிய புரதத்தைப் பெற அளவுக்கு மீறிச் சாறு குடிக்கின்றன. மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போன்ற துளிகளாக வெளியே விடுகின்றன. அத்துளிக்காகவே எறும்பு வருகிறது. மாடு வளர்ப்பவன் பாலுக்காக மாட்டைக் காப்பது போல, எறும்பும் இப்பூச்சிகளைக் காக்கிறது. அவற்றை உண்ண வரும் பொறிவண்டைக் கடித்து விரட்டுகிறது; குஞ்சுகளைத் தூக்கிச் சென்று புதிய தளிரில் விடுவதும் உண்டு. எறும்பு குடித்தது போக எஞ்சிய தேன்துளி கீழ் இலைகளில் வடிய, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து புகைக்கரி பூசினாற்போல் ஆகிறது. கரியைத் துடைத்தால் இரண்டு நாளில் மீண்டும் வரும். தேன் வடியும் இடத்தைக் கண்டு அதனை நிறுத்தினால்தான் கரி நிற்கும்.

எனவே எறும்பின் வழியை அடைப்பதே பாதி மருத்துவம். தோட்டத்து வீடுகளில் உணவு வைக்கும் அலமாரியின் நான்கு கால்களையும் நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்தி வைத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்முறையே செடிக்கும் பொருந்தும். தொட்டியை ஒரு சிறு முக்காலியின்மேல் வைத்து, முக்காலியின் கால்களில் வாசலின் களிம்பை இரண்டு விரல் அகலத்திற்குத் தடவிவிடலாம். களிம்பைச் செடியின் தண்டில் தடவலாகாது. பட்டை மூச்சுவிட இயலாமல் கெடும். இலைகள் சுவரையோ சன்னற் கம்பியையோ தொடுமாயின் எறும்பு அவ்வழியே பாலம் அமைத்துக் கொள்ளும். ஆகையால் அந்தக் கிளைகளைக் கத்தரித்துவிட வேண்டும்.

நீர்க் கிண்ணத்தையே வைப்போர் ஒன்றை மறவாதிருக்க. நம் நாட்டில் தேங்கிய நீரில் கொசுப்புழு வளரவிடுவது 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசுவுக்கு ஒரு தொட்டித் தட்டில் நிற்கும் நீரே போதுமானது. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே தட்டு, கிண்ணம், பணச்செடி வைத்த கண்ணாடிப் போத்தல் ஆகியவற்றின் நீரை வாரம் இருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக் கொண்டு வறண்ட நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். கொட்டினால் மட்டும் போகாது. செடியைக் காக்கப் போய்ப் பிள்ளையைக் காய்ச்சலில் கிடத்துவது யாருக்கும் வேண்டாத வேலை.

எறும்பை நிறுத்திய பின் பூச்சியைக் கழுவுக. தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, இலைகளின் கீழ்ப்புறத்தில் நீரை விசையாகப் பாய்ச்சினாலேயே அசுவினியிற் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். உதிர்ந்தவற்றில் பலவற்றுக்கு மீண்டும் ஏறிவர இயலாது. செஞ்சிலந்தி என்னும் எட்டுக்கால் சிற்றுயிருக்கும் இதுவே தக்க மருத்துவம். அது மழை படாத மாடத்தில், வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில் மிகும். இலை மேற்புறம் ஊசி குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகளும், கீழ்ப்புறம் மெல்லிய நூலாம்படையும் தென்பட்டால் அதுவே எனத் தெளிக. வெள்ளைத்தாளை இலையின் கீழே பிடித்துத் தட்டினால், விழுந்த புள்ளிகள் நடக்கத் தொடங்கும். மாணவர்கள் உருப்பெருக்கியால் கண்டு மகிழலாம்.

நீரில் போகாதவற்றுக்குச் சவர்க்காரம். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி அளவு சாதாரணத் திரவச் சவர்க்காரத்தைக் கலந்து தெளிப்பானில் ஊற்றுக. துணி துவைக்கும் மாவு வேண்டா. அது இலையைக் கருக்கிவிடும். சவர்க்காரம் பூச்சியின் மெழுகைக் கரைத்து, உடலின் உறையைச் சிதைத்து, நீர்ச்சத்தை வெளியேறச் செய்து கொல்கிறது. ஈரமாய் இருக்கும் வரையில்தான் அதற்கு ஆற்றல், உலர்ந்தபின் இல்லை. இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். பூச்சியின் மேல் நேரே பட வேண்டும் என்பது ஒன்று. நாளை அவ்விலையில் வந்து அமரும் பொறிவண்டுக்குத் தீங்கில்லை என்பது மற்றொன்று. முட்டைகள் இதற்கு மடிவதில்லை. ஆதலால் ஐந்து அல்லது ஆறு நாள்களுக்கு ஒருமுறையாக மூன்று முறை தெளித்தல் வேண்டும். முதன்முறை ஓர் இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பார்த்து, இலை வாடாவிடின் முழுச்செடிக்கும் தெளிக்கலாம். வெயில் தணிந்த மாலையே ஏற்ற நேரம். அரைமணி கழித்து நல்ல நீரால் அலசிவிடுக. சமையலுக்குரிய கறிவேப்பிலையாதலால் இது இன்றியமையாதது.

தண்டில் பழுப்பு நிறப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும் செதிற்பூச்சிக்குப் பழைய பல்துலக்கியே தகுந்த கருவி. சவர்க்கார நீரில் தோய்த்துத் தேய்த்தால் உரிந்து விழும். கவடுகளில் ஒளிந்த மாவுப்பூச்சிக்கு, மருத்துவ ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொடலாம்.

வேப்பெண்ணெயைப் பற்றியும் கேட்பார்கள். நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் பலவற்றின் முன் நிற்கும் அதே வேம்புதான். 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை இறங்கிப் பசுமையனைத்தையும் தின்று தீர்த்தபொழுது, வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதைச் செர்மானிய அறிஞர் இசுமட்டரர் கண்டார். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் 1968இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியின் பசியைக் கெடுக்கிறது. இளம்பூச்சி தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. உடனே கொல்லாது, ஆதலால் பொறுமை வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயும், அது நீரோடு கலக்க சில துளி சவர்க்காரமும் போதும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. செடிக்கு வாங்கிய வேப்பெண்ணெயைக் குழந்தைக்குச் சளி, மாந்தம் என்று புகட்டும் வழக்கம் நம் பாட்டிமாரிடம் இருந்து வந்துள்ளது. அவ்வாறு புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டு, மூளையும் ஈரலும் தாக்குற்ற நிலையில் மருத்துவமனைக்கு வந்ததைக் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர்கள் 1981இல் இலான்செட்டு என்னும் மருத்துவ இதழில் எழுதி உலகுக்கு அறிவித்தனர். வேம்பு புனிதமானது என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அதன் எண்ணெயைக் கைக்குழந்தையின் வாயில் ஒரு துளியும் விடலாகாது.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரே தெளிப்பில் எல்லாவற்றையும் கொன்றுவிடலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். தோட்டத்திலேயே அதற்கு விடை உள்ளது. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் டி.டி.டி., டீல்டிரின், எண்டிரின் ஆகிய நஞ்சுகளைத் தாராளமாகத் தெளித்தனர். ஓலையைத் தின்னும் புழுக்கள் குறையும் என்று எதிர்பார்த்தனர். குறைவதற்கு மாறாக, ஓலைத் துணுக்குகளால் பை பின்னி அதனுள் தொங்கும் பைப்புழு பெருவாரியாகப் பெருகிற்று. மரங்கள் எரிந்தனபோல் பழுத்து நின்றன. பிரையன் உட்டு என்னும் பூச்சியியல் அறிஞர் அதன் காரணத்தை ஆராய்ந்தார். புழு பைக்குள் பத்திரமாய் இருந்தது. அப்புழுவைத் தேடி ஓலையின்மேல் ஓயாமல் நடந்து திரியும் சிறு குளவிகளே, ஓலையில் நெடுநாள் தங்கும் நஞ்சை மிதித்து மடிந்தன. காவலர் இறந்த ஊரில் கள்வர் பெருகினர். அத்தகைய நஞ்சுகளைக் கைவிட்ட பின்னரே நிலைமை சீர்ப்பட்டது. அவர் கண்டவற்றைத் தொகுத்த நூல் 1968இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. சபாவின் தாவாவ் பகுதியில் குவொயின் ஹில் கொக்கோ ஆய்வு நிலையத்திலும் இதே கதை நிகழ்ந்தது. அடுத்தடுத்து நஞ்சு தெளிக்கத் தெளிக்கப் புதுப்புதுப் பூச்சிகள் தோன்றின. 1961இல் கோர்டன் கான்வே என்னும் இளம் அறிஞர் பரவலான தெளிப்பை நிறுத்தச் செய்தார். ஒட்டுண்ணிக் குளவிகள் திரும்பி வந்து, பெரும்பாலான பூச்சிகளை அடக்கின.

செம்பனைத் தோட்டத்துச் சாலையோரங்களில் மஞ்சள் பூச்செடிகள் வரிசையாக நடப்பட்டிருப்பதை நம் தொழிலாளத் தோழர்கள் அறிவர். டர்னேரா என்பது அவற்றுள் ஒன்று. அழகுக்காக வைத்ததென்று எண்ணுவோரும் உளர். பைப்புழுவைக் கொல்லும் குளவிகளுக்குத் தேன் ஊட்டுவதற்காகவே அவை நடப்படுகின்றன. இதே முறையை மாடத்தில் கையாளத் தடையில்லை. துளசியின் பூங்கதிர்களை எல்லாம் கிள்ளிவிடாமல் இரண்டொன்றை விட்டுவையுங்கள். கொத்தமல்லி ஒன்றைப் பூக்க விடுங்கள். மிகச் சிறிய குளவிகள் தேடி வரும். அவை மனிதரைக் கொட்டுவதில்லை.

நம் மூதாதையர் நாடாகிய தமிழ்நாட்டில் இத்தகைய குளவி ஒன்று ஒரு மாநிலத்தையே காத்தது. பப்பாளி மாவுப்பூச்சி என்னும் மெக்சிகோ நாட்டுப் பூச்சி 2008ஆம் ஆண்டு சூலையில் கோயம்புத்தூரில் காணப்பட்டது. ஓராண்டு, ஈராண்டில் பப்பாளி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி எனப் பலவற்றிலும் வெள்ளை அப்பியது. ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்போர் நிலை மிகவும் இரங்கத்தக்கது. முசுக்கட்டை இலையில் மாவுப்பூச்சி. நஞ்சு தெளித்தால் அவ்விலையைத் தின்னும் பட்டுப்புழுவே சாகும். தெளித்தவர்க்கும் பயன் கிட்டவில்லை. மெழுகுப் போர்வையைத்தான் முன்னரே கண்டோமே. 2010இல் பெங்களூரிலுள்ள நடுவண் ஆய்வு நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் துணையோடு, புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றுள் அசெரோபேகசு பப்பாயே என்பது தலைசிறந்ததாயிற்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உருவம். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதனைத் தின்று, வட்டத் துளையிட்டு வெளியேறும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதனை வளர்த்து உழவர்க்கு வழங்கியது. ஏறக்குறைய ஓராண்டில் கொடுமை பெரிதும் தணிந்தது.

ஆகவே உங்கள் செடியில் பழுத்து உப்பி, வட்டத் துளையோடு கிடக்கும் அசுவினிக் கூடுகளைக் கண்டால் தெளிப்பானைக் கீழே வையுங்கள். வேலை ஏற்கெனவே நடந்து கொண்டிருக்கிறது. பொறிவண்டின் குஞ்சையும் அறிந்து கொள்ளுதல் நன்று. தாய் அழகிய வட்டப்பொட்டு. குஞ்சோ முதலையின் சாயல் கொண்ட கரும்புழு. சில வகைக் குஞ்சுகள் தாமும் வெள்ளைமாவு பூசிக் கொண்டு மாவுப்பூச்சியைப் போன்றே தோன்றும். பெரிதாகவும் விரைந்து நடப்பதாகவும் இருந்தால் அது நண்பன்.

நஞ்சைப் பற்றிய பேச்சை இன்னும் முடிக்கவில்லை. தோட்ட வாழ்வில் நாம் வழங்கும் சொல்லொன்று நம்மை ஏமாற்றுகிறது. புல்லுக்கும் பூச்சிக்கும் தெளிப்பதை 'மருந்து அடித்தல்' என்கிறோம். மருந்து என்றால் நோய் தீர்ப்பது. புட்டியின்மேல் மலாய் மொழியில் எழுதியிருப்பதோ 'ராச்சுன்', அதாவது நஞ்சு என்பதாகும். அச்சொல்லே பொருத்தமானது. 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இந்நஞ்சுகள் பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றின் கொடுமையைப் புட்டியின் அடியிலுள்ள வண்ணப்பட்டை காட்டும். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. மஞ்சள் அதனினும் சற்றுக் குறைந்தது. நீலம், வெள்ளை அதற்குக் கீழ்ப்பட்டவை. எழுத்தறியாத பாட்டிக்கும் இவ்வண்ணங்களைப் பேரப்பிள்ளைகள் சொல்லித் தரலாம்.

பாராகுவாட்டு என்னும் களைக்கொல்லியை நம் தோட்டப் பெண்கள் பல்லாண்டுக் காலம் முதுகில் சுமந்து தெளித்தனர். அது உடலுக்குள் சென்றால் முறிக்கும் மருந்து கிடையாது. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்ததைப் பானமென்று எண்ணிக் குடித்து இறந்தோர் உலகின் பல நாடுகளில் உண்டு. அதனாலேயே பின்னாளில் அதில் நீல நிறமும், குமட்டும் நாற்றமும், வாந்தி உண்டாக்கும் பொருளும் சேர்த்தனர். 2002இல் தெனாகானித்தா அமைப்பு தோட்டப் பெண் தெளிப்பாளர்களின் உடல்நலக் கேட்டைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. அவ்வாண்டே அரசு அதனைப் படிப்படியாக நீக்க முடிவு செய்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 சனவரி முதல் நாளில் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. தடை வந்துவிட்டது, ஆனால் பழைய சரக்கு எந்த வீட்டுக் கொட்டகையின் மூலையில் இருக்கிறதென்று யார் கண்டார்? வேலையிடத்தில் மிஞ்சியதை, 'வீட்டுச் செடிக்கு ஆகும்' என்று சோடாப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவரும் பழக்கம் நம்மிடையே இருந்ததுண்டு. பாராகுவாட்டோ பச்சையனைத்தையும் கருக்குவது. பூச்சிக்கு அடித்தால் செடிதான் சாகும். அப்படிப்பட்ட போத்தல் எதையேனும் வீட்டில் கண்டால் பிள்ளைகள் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர் அதனைச் சாக்கடையில் கொட்டாமல், வந்த இடத்துக்கே திருப்பிக் கொடுக்கக் கடவர். யாரேனும் குடித்துவிட்டால் 999ஐ அழைத்து, போத்தலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

புதுச்செடி வாங்குவோர்க்கும் ஒரு சொல். இரவுச் சந்தையில் வாங்கிய செடியை அன்றே மற்றச் செடிகளின் நடுவில் வைத்துவிடாமல், இரண்டு வாரம் தனியே ஒதுக்கி வைத்துப் பாருங்கள். நம் வீட்டு மாவுப்பூச்சிகளில் பல, காசு கொடுத்து வாங்கி வந்தவையே. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பச் செடிகள். ஒன்றன் பூச்சி மற்றதற்கும் ஏறும். தளிரில் தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக அமரும் பழுப்பு நிறச் சிறு பூச்சி ஒன்று உண்டு. அது கறிவேப்பிலையில் வளர்ந்து, எலுமிச்சைக்குப் பசுமை மாறும் கொடுநோயைச் சுமந்து செல்லவல்லது. அந்நோய்க்கு இன்றுவரை மருந்தில்லை. கறிவேப்பிலைத் தளிரைத் தாளிப்புக்கு அடிக்கடி கிள்ளிக் கொண்டேயிருந்தால் அதற்கு முட்டையிட இடம் குறையும். சமையலுக்கும் பயன், காவலுக்கும் பயன்.

கறிவேப்பிலையில் பறவையின் எச்சம் போன்று வெள்ளையும் பழுப்புமாய் ஒரு புழு அமர்ந்திருக்கக் காண்பீர்கள். அது எச்சமன்று. பறவைகள் உண்ணாதிருக்க அவ்வாறு வேடம் பூண்ட பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்தபின் இலைப் பச்சையாக மாறும். குச்சியால் மெல்லத் தொட்டால் தலைப்புறத்திலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டிக் கடுமணம் வீசும். இரண்டு மூன்று இருந்தால் மாடத்துச் சிறுசெடியை மொட்டையடித்துவிடும். கையால் எடுத்து விடுக. நசுக்க வேண்டுவதில்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் அதனை அகன்ற வாய்ப் போத்தலில் இட்டு, வாயை வலைத்துணியால் கட்டி, உள்ளே சாய்வாக ஒரு குச்சியையும் வைத்து, நாள்தோறும் புதிய கறிவேப்பிலைக் கொத்தை இட்டுவரலாம். எச்சத்தை அன்றன்று துடைத்துவிட வேண்டும். இல்லாவிடின் பூசணம் பிடித்துப் புழு மடியும். உண்பதை நிறுத்தி, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக் குச்சியில் சாய்ந்து தொங்கும் நாளையும், தோலுரிந்து கூடாகும் நாளையும் சுவடியில் குறித்து வைக்க. கூடாகி ஏறக்குறைய பத்து நாளில், பெரும்பாலும் காலை வேளையில், பட்டாம்பூச்சி வெளிவரும். இறகு உலர ஒருமணி நேரமேனும் ஆகும். அதுவரை தொடாதிருந்து, பின்னர்ச் சன்னலைத் திறந்துவிடுக.